இரட்டை மஞ்சள் நாடா

அழுக்குக் குடுவையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் அவள். அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் கட்டடத்துக்கு ஐந்து மாடி. ஐந்து மாடியிலும் ஆராய்ச்சி மாணவர்கள் அழுக்காக்குகிற கண்ணாடிச் சாமான்கள் எல்லாம் தள்ளுவண்டியில் ஏறி, கிறீச்சிடும் சாமான் லிஃப்டில் இறங்கி, கீழ்த்தளத்தில் அவள் வேலை பார்த்த கழுவும் அறைக்குத்தான் வந்து சேரும். முதல் மாடி பீக்கர்களின் அடியில் தேநீர்க் கறை இருந்தால் அங்கே ஆய்வை வழிநடத்தும் கைடு வெளியூர் போயிருக்கிறார். நான்காம் மாடிக்காரர் ஒருவர் எதையும் ஊறவைக்காமல் காயவிட்டு அனுப்ப ஆரம்பித்தால் அவருக்குக் காதல் வந்திருக்கிறது. ஒரே நாளில் நாற்பது ஐம்பது குடுவைகள் வந்து குவிந்தால் யாருக்கோ ஆய்வை எடைபோடும் கமிட்டி நெருங்குகிறது. ஒன்றுமே வராத ஆளைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

ஒவ்வொரு மாடிக்கும் ஒரு நிற நாடா. மூன்றாம் மாடிக்கு மஞ்சள். அங்கே செல் வளர்க்கிறார்கள். செல்கள் குடித்து வளரும் மீடியம் என்கிற இளஞ்சிவப்புத் திரவத்தை வைக்கும் கண்ணாடி பாட்டில்கள்தான் மஞ்சள் நாடாவோடு வரும். அவற்றில் இரண்டு நாடா சுற்றியிருந்தால் அது அவளுடைய கணவனின் பாட்டில். தன்னுடையது மற்றவர்களோடு கலந்துவிடாமல் இருக்க அவன் பழக்கப்படுத்திக்கொண்ட அடையாளம் அது.

இரட்டை மஞ்சள் வந்து இருபது நாள் ஆகியிருந்தது.

முதல் வாரம் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழாவது வருட மாணவன், ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். இரண்டாம் வாரம் வண்டி வந்ததும் கூடைகளைக் கிளறிப் பார்த்தாள். அவனோ தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். சாயங்காலம் டப்பா காலியாகத்தான் வந்தது.

அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் மூன்றாம் மாடியின் இளைய மாணவி. அவனுக்கு மூன்று வருடம் இளையவள். அவனை அண்ணா என்றும் இவளை அண்ணி என்றும் கூப்பிடுவாள். எப்போதும் வளவளவென்று பேசிக்கொண்டே கூடைகளை இறக்குகிறவள், அன்று எண்ணி எண்ணி வைத்தாள்.

"என்னம்மா, உங்க அண்ணன் பாட்டிலே காணோம். புது பாட்டில் வாங்கிட்டாரா?" என்று கேட்டாள் இவள்.

"அது வந்து அண்ணி..."

"சொல்லு."

"அண்ணா உங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லியிருந்தா உன்ன ஏன் கேக்கறேன்?"

அவள் தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணா லேபுக்கு வந்து மூணு வாரமாச்சு. ஃபோன் பண்ணா எடுக்கறதில்ல. கைடு மேடம்கூட ரெண்டு தடவ கேட்டாங்க. நான் காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் அதையே சொல்லிடுங்க."

ஓரத்தில் நீராவி அடுப்பின் கதவை இறுக்கிக்கொண்டிருந்த பாய்லர் அக்கா திரும்பிப் பார்த்தாள். கழுவும் அறைக்கு அவள்தான் தலை. ஆள் உயரத்துக்கு இருந்த அந்த அடுப்பில்தான் கழுவிய சாமான்கள் எல்லாம் வேகவேண்டும். அதோடு பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தி அந்தப் பெயரை வாங்கியிருந்தாள். எதையும் கேட்காததுபோல மறுபடி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பில் அவர்களுக்கு ஒரு அறையும் சமையலறையும். அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சோறு கொதித்து ஜன்னல் முழுக்க ஆவி படிந்திருந்தது. மகள் அதில் விரலால் வீடு வரைந்துகொண்டிருந்தாள். கணவன் முட்டைகளைத் தோலுரித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, நான் அடுத்த மாசம் ரெண்டாங்கிளாஸ் போயிடுவேன். நீங்க எப்ப பாஸாவீங்க?"

"நீ காலேஜ் வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்டா."

"டீச்சர் கேட்டாங்க, அப்பா என்ன பண்றாருன்னு. படிக்கறாருன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. மகளுக்குச் சோறு போட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாடச் சொல்லி அனுப்பிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க பாட்டில் இருபது நாளா வரல."

"இப்ப பிளாஸ்டிக்ல..."

"மூணாம் மாடியில பிளாஸ்டிக் தீந்து ரெண்டு மாசமாச்சு. எந்த மாடியில என்ன இருக்குன்னு எங்கிட்டயே கதை சொல்றீங்களா?"

அவன் உரித்த முட்டையைக் கையில் உருட்டினான்.

"சாகுது," என்றான். "வேற என்னத்தச் சொல்ல. வைக்கிறேன். ரெண்டு நாள் இருக்கு. மூணாவது நாள் போய்ப் பாத்தா உருண்டை உருண்டையா மிதக்குது. மறுபடி வைக்கிறேன். மறுபடி சாகுது."

"எத்தன நாளா?"

"பதினாலு மாசம்."

"பதினாலு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"தினமும் வந்து, இன்னைக்கும் செத்துப்போச்சுன்னு சொல்லணுமா? நீ அந்த நீராவியில வெந்துட்டு வர்ற. உங்கிட்ட வந்து என் செத்த செல்லுக்கு ஒப்பாரி வைக்கணுமா?"

"மத்தவங்களுது?"

"எல்லாருதும் நல்லாத்தான் இருக்கு. லேப்ல தங்கச்சிது புல்லு மாதிரி வளருது. அதே பொடி, அதே தண்ணி, அதே இன்குபேட்டர். முன்னெல்லாம் யாருக்காவது செல்லு வளரலைன்னா என்னத்தான் கூப்பிடுவாங்க, கைராசிக்காரன்னு. எல்லாத்தையும் ஒவ்வொண்ணா மாத்திப் பாத்துட்டேன். மாத்தாதது ஒண்ணுதான்."

"என்னது?"

"நான்."

முட்டையை அவள் தட்டில் வைத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை கமிட்டி என்றான். அதில் காட்டுவதற்கு அவனிடம் ஒரு படம்கூட இல்லை. காட்டாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் தானே விலகுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் துரத்தினார்கள் என்ற பேச்சு வராது. படிவம் பையில்தான் இருந்தது. பெயர் நீங்கினால் ஒரு மாதத்தில் குடியிருப்பையும் காலி செய்யவேண்டும் என்று அதிலேயே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

"அப்ப தினமும் எங்க போறீங்க?"

"தாவரவியல் கண்ணாடி வீட்டுக்கு. அங்க செடிக்குத் தண்ணி ஊத்த ஆளில்ல. சும்மா உக்காந்திருந்தா தலை வெடிச்சிடும். தொட்டி மாத்தறேன், மண்ணு கிளறுறேன்." முட்டைத் தோலைக் கையால் கூட்டிச் சேர்த்துவிட்டு, "அது சாகறதில்ல," என்றான்.

*

மறுநாள் காலை குழாயடியில் நின்றபோதுதான் அவளுக்கு அது உறைத்தது.

குழாய்க்குப் பின்னால் மறைவாக ஒரு சின்ன பாட்டில் இருந்தது. வீட்டில் பாத்திரம் கழுவுகிற திரவச் சோப்பு. அவள் கொண்டுவந்து வைத்தது. அதன்மேல் கை பட்டதும், சுட்டதுபோல இழுத்துக்கொண்டாள்.

இந்த வேலைக்கு அவள் வந்து பதினைந்து மாதம். ஆராய்ச்சி மாணவர் நலப்பிரிவு என்று ஒன்று உண்டு. மாணவர்களின் மனைவிக்கோ கணவனுக்கோ வளாகத்துக்குள்ளேயே வேலை கொடுக்கும் திட்டத்தில் அவர்கள்தான் இதை வாங்கிக் கொடுத்தார்கள். முதல் மாதம் முழுக்க பாய்லர் அக்கா அவளைப் பீக்கர்களோடு நிறுத்தினாள். இரண்டாம் மாதம்தான் மஞ்சளைத் தொட விட்டாள். மஞ்சளுக்கென்று சுவரில் தனிப்பலகை தொங்கியது: சோப்பு கூடாது, வெந்நீரில் ஊறல், பத்து முறை அலசல், கடைசியில் காய்ச்சி வடித்த நீர்.

மற்றவர்களின் பாட்டில்களை அவள் பலகையில் இருந்தபடி எழுத்துப் பிசகாமல் கழுவினாள். அவை ஆராய்ச்சிச் சாமான்கள், அவற்றுக்கு ஒரு சட்டம். இரட்டை மஞ்சள் மட்டும் அப்படியில்லை. அது வீட்டுப் பாத்திரம். பத்து முறை அலசிய பிறகும் பாட்டிலின் கழுத்துக்கு உள்ளே மீடியம் காய்ந்த ஒரு மங்கலான வளையம் நிற்கும். நகத்தால் கீறினாலும் போகாது. அதை அப்படியே அவனுக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. சாப்பிட்ட தட்டைச் சும்மா தண்ணீரில் காட்டிவிட்டு மறுபடி அதிலேயே பரிமாறுவதுபோல இருந்தது. அதனால் எல்லாம் முடிந்த பிறகு, ஒரு சொட்டுச் சோப்பைத் துணியில் தொட்டு, விரலை விட்டு, கழுத்தை உள்பக்கமாகத் துடைப்பாள். வளையம் போய்விடும். நுரை தெரியாத வரைக்கும் மூன்று நான்கு முறை அலசுவாள். பிறகு வடிநீர். பதினான்கு மாதமாக, ஒவ்வொரு பாட்டிலுக்கும்.

"அக்கா," என்றாள்.  "மஞ்சளுக்கு ஏன் சோப்பு கூடாது?"

"நான் வர்றதுக்கு முந்தியே போர்டு இருந்துச்சு. ஏன்னு கேக்கறதுக்கு எனக்குச் சம்பளம் கிடையாது."

"சும்மா சொல்லுங்கக்கா. தப்பித்தவறி ஒரு சொட்டு பட்டுட்டா?"

பாய்லர் அக்கா கையுறையைக் கழற்றினாள். "எண்ணெச் சட்டியில சோப்பு போட்டா என்ன ஆகும்? எண்ணெ கரைஞ்சு போவுதில்ல. செல்லுக்குத் தோலே கொழுப்புதானாம். அதையும் அப்படியே கரைச்சிடும்னு முன்னாடி ஒரு ஸ்காலர் சொன்னாரு. கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாலே போதுமாம். பத்துத் தண்ணிக்குக்கூடப் போகாதாம்." பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன்டி, என்ன பண்ணித் தொலைச்ச?"

அவள் கண் குழாய்ப் பக்கம் போனது. பாய்லர் அக்கா குழாய்க்குப் பின்னாலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"ரோஜா வாசனை வேற," என்றாள்.

*

ஓடிப்போய் அவனிடம் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் தவறாக இருந்தால்? இல்லாத நம்பிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதுவும் மூன்றாம் நாள் உருண்டையாக மிதந்தால்? அவன் சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்த நாட்களில் எப்போதாவது சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. எதையும் ஊகத்தில் சொல்லக்கூடாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பான்.

அன்று மத்தியானம் நான்கு பாட்டில்களைக் கழுவினாள். இரண்டைப் பலகையில் எழுதியிருந்தபடி. இரண்டை அவனுக்குக் கழுவுகிறபடி. இளைய மாணவி வந்ததும் தனியாக அழைத்துக் கொடுத்தாள்.

"இந்த நாலுலயும் மீடியம் ஊத்தி உன் செல்லுக்கே கொடு. எதுல என்ன ஆகுதுன்னு மட்டும் சொல்லு."

"எது எது அண்ணி? என்ன வித்தியாசம்?"

"சொல்ல மாட்டேன். சொன்னா நீ அதுக்கேத்த மாதிரி பாப்ப. அடியில ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு போட்டிருக்கேன்."

அவள் பாட்டில்களைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. "அண்ணி, நான் ஒருதடவ அண்ணாகிட்டக் கேட்டேன். எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டீங்களே, பாட்டில மாத்திப் பாத்தீங்களான்னு. அண்ணா எப்பவும் எங்கிட்ட முகம் சுளிச்சதில்ல. அன்னைக்குக் கோவப்பட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"என் வீட்டுக்காரி கழுவுறா, அதுல என்ன குறை இருக்கப்போவுதுன்னாரு. அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்சே எடுக்கல."

அவள் போனபிறகு இவள் ஈரக்கையோடு நெடுநேரம் நின்றிருந்தாள். குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. பாய்லர் அக்காதான் வந்து மூடினாள்.

நான்கு நாட்கள் போயின. வீட்டில் அவன் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்திருந்தான். பெயர், துறை, சேர்ந்த வருடம் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதியிருந்தான். கையெழுத்து மட்டும் பாக்கி. துடைக்கிற சாக்கில் அவள் அதை ஒவ்வொரு நாளும் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். அவன் ஒவ்வொரு நாளும் நடுவுக்கு நகர்த்தினான்.

திங்கட்கிழமை இளைய மாணவி வண்டி இல்லாமல் வந்தாள். "வாங்க அண்ணி" என்று கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள். பதினைந்து மாதத்தில் மூன்றாம் மாடிக்கு அவள் போனதே இல்லை. அவள் கழுவிய பாட்டில்கள் அலமாரியில் வரிசையாக நின்றன. ஏதோ உறவுக்காரர் வீட்டில் தன் பாத்திரத்தைப் பார்த்ததுபோல இருந்தது. மாணவி அவளை நுண்ணோக்கியின் முன்னால் உட்காரவைத்தாள்.

"ஒரு கண்ண மூடிக்காதீங்க, ரெண்டு கண்ணாலயும் பாருங்க."

முதலில் தன் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு தெளிந்தது. ஈரத்தரையில் உதிர்ந்து ஒட்டிக்கொண்ட இலைகள்போல, ஒன்றின் நுனி இன்னொன்றைத் தொட, இடைவெளியே இல்லாமல் செல்கள் பரவியிருந்தன. இத்தனை வருடமாக இதையா பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைத்தாள். ஏன் வீட்டுக்கு நேரம் கழித்து வந்தான் என்பது கொஞ்சம் புரிந்தது.

"இது ஒண்ணும் மூணும்," என்றாள் மாணவி. தட்டை மாற்றினாள். "இது ரெண்டும் நாலும்."

தரை வெறுமையாக இருந்தது. ஒன்றோடொன்று தொடாமல், உருண்டை உருண்டையாக மிதந்துகொண்டிருந்தன.

"ரெண்டும் நாலும் எப்படிக் கழுவினது அண்ணி?"

"ரொம்ப நல்லா கழுவினது," என்றாள் அவள்.

*

கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்தில் ஈரமான வெப்பம் அடித்தது. கழுவும் அறையின் அதே வெப்பம், மண் வாசனையோடு. அவன் ஒரு நாற்றைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரை உதறிக்கொண்டிருந்தான். வேலை நேரத்தில் அவளை அங்கே பார்த்ததும் மகளுக்கு ஏதோ என்று பயந்து எழுந்தான்.

"பாப்பா நல்லாருக்கா. உக்காருங்க."

நின்றபடியேதான் சொன்னாள். வளையத்தைச் சொன்னாள், சோப்பைச் சொன்னாள், நான்கு பாட்டில்களைச் சொன்னாள். வழியில் மனதுக்குள் கோத்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை.

"எத்தன தடவ அலசின?" என்றான் அவன்.

"மூணு. சில நாள் நாலு."

"சோப்பு கடைசியிலயா, ஆரம்பத்துலயா?"

"கடைசியில."

"மூடிக்கும் போட்டியா?"

"மூடிக்கும்."

"ரெண்டும் நாலும். ரெண்டுமே செத்துச்சா? ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

கேட்டுக்கொண்டே வந்தவனின் முகத்தில் பல மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் எட்டிப் பார்த்தது. அடுத்த கேள்வி வருவதற்குள் அணைந்தது. கேட்ட பதில்களின் அர்த்தம் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தண்ணீர்க் குவளையை எடுத்து, ஏற்கெனவே நாற்று வைத்திருந்த தொட்டி ஒன்றில் ஊற்ற ஆரம்பித்தான். தொட்டி நிரம்பி வழிந்து காலடியில் சேறானது. நிறுத்தவில்லை.

"தினமும் இந்தக் கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கைக்கு என்ன ஆச்சு, கைக்கு என்ன ஆச்சுன்னு. டாக்டர்கிட்டகூடப் போனேன், நடுக்கம் இருக்கான்னு பாக்க. உனக்குத் தெரியுமா அது?"

"தெரியாது."

"போர்டுல எழுதியிருக்கில்ல. படிச்சல்ல நீ."

"படிச்சேன். அழுக்கா இருக்கறத உங்களுக்குக் கொடுக்க மனசு வரல."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

நீங்களும்தான் சொல்லியிருக்கலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நீ போ," என்றான். "கொஞ்ச நேரம் போயிரு."

இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. எது வேண்டுமானாலும் மகள்தான் நடுவில் ஓடினாள். "அம்மா, அப்பாவுக்கு உப்பு வேணுமாம்." "அப்பா, அம்மா உங்கள எந்திரிக்கச் சொல்றாங்க, பெருக்கணுமாம்." புதன்கிழமை சாயங்காலம் தூது போய் அலுத்துப்போன மகள், "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "கமிட்டியில நான் எதுவும் சொல்லப் போறதில்ல."

"ஏன்?"

"சொன்னா உன் வேலை போயிடும். அதோட விடுமா? பொண்டாட்டி சோப்பு போட்டா, புருஷன் படிப்பு போச்சுன்னு அஞ்சு மாடியும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். உன்னக் காட்டிக் கொடுத்து நான் பட்டம் வாங்கணுமா?"

"சிரிக்கட்டுமே. ரெண்டு நாள் சிரிப்பாங்க. அப்புறம் அவங்க குடுவையக் கழுவ நான்தான் வேணும்."

"எல்லாத்தையும் சோதிச்சியே, கண்ணாடிய ஏன் சோதிக்கலன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

 அவன் பேசினானே, அதுவே போதும்போல இருந்தது.

*

வியாழக்கிழமை காலை அவள் நலப்பிரிவுக்குத் தனியாகப் போனாள். அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்த அம்மாள்தான் இன்னும் அதே நாற்காலியில் இருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

"தலையில இருக்கும்மா," என்றாள்.

"அப்பாடா. உக்காரு. வேலை எப்படிப் போகுது?"

"வேலையாலதாம்மா வந்தேன்."

முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைக் கடித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "விலகல் படிவத்த அவர் இன்னும் கொடுக்கலையே? நல்லதாப் போச்சு. இது கால நீட்டிப்பு. கமிட்டி கூடறதுக்கு முன்னாடி இது மேசையில இருந்தா அவங்க இதைப் பாக்காம முடிவு பண்ண முடியாது. காரணம் நாலுதான் இருக்கு. நோய், மகப்பேறு, குடும்பத்தில் இறப்பு, உபகரணக் கோளாறு. உங்களுது எதுல சேரும்?"

"எதுலயும் சேராதேம்மா."

"சேக்கணும். சேக்கறதுக்குத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன்." அவர் நான்காவது கட்டத்தில் குறி போட்டார். "உபகரணக் கோளாறு."

"நான் உபகரணமாம்மா?"

"இன்னைக்கு ஒருநாள் இருந்துட்டுப் போயேன். ஆனா ஒண்ணு. உபகரணத்துக்குப் பொறுப்பானவங்க, நடந்தத எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டா அது உன் ஃபைலுக்கும் போகும். மெமோ வரும். வேலை போகாம நான் பாத்துக்கறேன்னு சத்தியமெல்லாம் பண்ண முடியாது. முயற்சி பண்றேன்."

அவள் பேனாவை வாங்கினாள். பள்ளியை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. இரண்டு முறை அடித்துத் திருத்தி எழுதினாள். பிறகு மாணவரின் கையெழுத்துக்காகப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், மேசையின் நடுவில், விலகல் படிவத்தின்மேல் வைத்தாள்.

அவன் படித்தான். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'மூன்றாம் மாடி இரட்டை மஞ்சள் நாடா பாட்டில்களைப் பதினான்கு மாதமாக நான்தான் கழுவினேன். சோப்பு கூடாது என்று பலகையில் இருந்தும் சோப்பு போட்டேன். போட்டது அவருக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது. நான்கு பாட்டில் வைத்துப் பார்த்ததில் சோப்பு போட்ட இரண்டிலும் செல் செத்துவிட்டது. அவர் கை சரியாகத்தான் இருக்கிறது.'

கடைசி வரியை அவன் எத்தனை முறை படித்தான் என்று தெரியவில்லை. அவள் பார்க்காமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

*

கமிட்டி அறைக்கு வெளியே மர பெஞ்சில் அவள் வேலை மேலங்கியோடே உட்கார்ந்திருந்தாள். கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. உள்ளே நான்கு பேராசிரியர்கள். அதில் ஒருவர் அவனுடைய கைடு மேடம். வெளியிலிருந்து வந்திருந்த பெரியவர்தான் அதிகம் பேசினார்.

"பொடி, நீர், வெப்பம், வாயு, எல்லாத்தையும் சோதிச்சிருக்கீங்க. நல்லாவே சோதிச்சிருக்கீங்க. கண்ணாடிய மட்டும் விட்டுட்டீங்க. ஏன்?"

 அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"அவ கழுவினது சார்," என்றது அவன் குரல். "அதப் போய்ச் சந்தேகப்படணும்னு எனக்குத் தோணல."

"இது விஞ்ஞானம் இல்லையே."

"இல்ல சார்."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். கைடு மேடம் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். பெரியவர் எத்தனை சொட்டு, எத்தனை அலசல், எந்தத் துணி என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னாள். கடைசியில் அவர், "நாலு பாட்டில், அதுவும் எதுன்னு சொல்லாம கொடுத்தது, இது யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார்.

"வீட்டுல இவர் பேசறதக் கேட்டதுதான் சார்."

எட்டு மாதம் நீட்டிப்பு கொடுத்தார்கள். ஆனால் நான்கு பாட்டிலை வைத்து எதையும் ஏற்க முடியாது. முறைப்படி சோப்போடும் சோப்பில்லாமலும் பன்னிரண்டு பன்னிரண்டு பாட்டில்களாக, மூன்று தடவை செய்து காட்டவேண்டும். அது முடிகிறவரை அவனுடைய மற்ற வேலை எதையும் அவர்கள் பார்க்கப் போவதில்லை. மஞ்சள் நாடா எதையும் இனி அவள் தொடக்கூடாது என்று அவளுக்கு மெமோ வந்தது. பாய்லர் அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, நனையாத இடமாகப் பார்த்து அலமாரியில் வைத்தாள். அந்த ரோஜா வாசனைச் சோப்பை, தன் வீட்டுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"கொஞ்சம் இருக்கட்டும்க்கா," என்றான் வாசலில் நின்றவன். திங்கட்கிழமை காலை அது. சாமான் லிஃப்டில் ஏற்றாமல், இருபத்துநான்கு பாட்டில் கொண்ட கூடையைத் தானே தூக்கிக்கொண்டு படியில் இறங்கி வந்திருந்தான். "அதுல ஒரு வேலை பாக்கி இருக்கு."

"இவ மஞ்சளத் தொடக்கூடாதுன்னு மெமோ வந்திருக்கு, தெரியுமில்ல?"

"இதுல இன்னும் நாடா ஒட்டலையே."

பாய்லர் அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு மேலங்கியை எடுத்து எறிந்தாள். "படிச்சவங்களுக்கு வாய்க்குக் குறைச்சலில்ல."

பன்னிரண்டு பாட்டில்களைப் பலகையில் இருந்தபடி அவனே கழுவினான். அதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. தண்ணீர் முழங்கை வரை வழிந்தது, கழுத்தைப் பிடிக்கத் தெரியாமல் ஒன்றை நழுவவிட்டான். அவள் அதை எடுத்து, விரிசல் இல்லை என்று பார்த்துக் கொடுத்தாள். மீதிப் பன்னிரண்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"இத நீ எனக்குக் கழுவுவியே, அந்த மாதிரியே கழுவு. கூட்டாத, குறைக்காத. எல்லாத்தையும் நான் எழுதணும்."

"தெரிஞ்சே கெடுக்கச் சொல்றீங்களா?"

"ஆமா."

நோட்டைத் திறந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். அவள் முதல் பாட்டிலை எடுத்தாள். வெந்நீர், பத்து அலசல். துணியில் ஒரு சொட்டு. விரலை விட்டுக் கழுத்தின் உள்பக்கம், மெதுவாக, வளையம் இருந்த இடம் முழுக்க. அவன் எழுதிக்கொண்டே வந்தான். எத்தனை சுற்று என்று கேட்டான், எழுதினான். மூன்று அலசல், வடிநீர். முடிந்தது என்று அவன் அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது, அவள் பாட்டிலின் வெளிப்புறத்தை மேலங்கி நுனியால் துடைத்து, சின்ன ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெல்லத் திருப்பினாள்.

"இது எதுக்கு?"

"சும்மா. பாக்கறதுக்கு."

"எல்லாருதையும் இப்படிப் பாப்பியா?"

"இல்ல."

"என்னுது எத்தன தடவ?"

"ஒவ்வொண்ணையும். எல்லா நாளும்."

செல்கள் சாவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.  ஆனாலும் குனிந்து அதையும் எழுதிக்கொண்டான்.